காய்ச்சல் கேட்டு வந்த தண்டல்

பிள்ளைகளே,

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, ஊசி மருந்தை எப்படிக் குளிரில் வைப்பது, போட்ட ஊசியை எந்த வாளியில் தள்ளுவது என்றெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். நாற்காலி வேலையை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். உங்களில் ஒருத்தி என் மகள். வீட்டில் அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தால், "அப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் அவளே திருத்தட்டும்.

நாற்காலி வேலை என்பது இதுதான். தடுப்பூசி போட்டுக்கொண்டவர் உடனே எழுந்து வீட்டுக்குப் போகக் கூடாது. அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். மயக்கம் வருகிறதா, மூச்சு இழுக்கிறதா, உடம்பு தடிக்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கொரோனா ஊசி போட்ட காலத்தில், கடற்கரைப் பக்கம் இருக்கிற நம்முடைய சின்ன ஆஸ்பத்திரியில் அந்த ஒருவர் நான். வராந்தாவில் நீல நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கும். கடைசி நாற்காலிக்கு மட்டும் கடல்காற்று நேராக வரும். அங்கிருந்து பார்த்தால் பழைய துறைமுகத்தில் நிற்கிற தோணிகளின் பாய்மரம் தெரியும். அந்த நாற்காலிக்கு எப்போதும் போட்டி.

உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பது ஒரு வேலையா என்று கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒருவர் வந்தார். தோள் இரண்டும் கதவு மாதிரி இருக்கும். ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நாற்காலியோடு சாய்ந்தார். எல்லோரும் ஓடி வந்தார்கள். டாக்டரம்மா நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "காலையில சாப்பிட்டீங்களா?" என்றுதான். அவர் சாப்பிட்டிருக்கவில்லை. ஊசிக்குப் பயந்து வெறும் வயிற்றோடு வந்திருக்கிறார். அன்றிலிருந்து என் முதல் கேள்வியும் "சாப்பிட்டாச்சா?" என்றே ஆகிவிட்டது. அதைக் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு மனிதர்கள் தாங்களாகவே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த நாட்களில் ஊரில் ஒரு பேச்சு இருந்தது. காய்ச்சல் வந்தால்தான் நல்ல ஊசி, வராவிட்டால் தண்ணீர் ஊசி. உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒரு அக்கா, புருஷனோடு சேர்ந்து வந்து போட்டுக்கொண்டு போனவர், மறுநாள் திரும்பி வந்து சண்டை போட்டார்.

"ஏளா சிஸ்டர், அந்த மனுசன் நேத்துல இருந்து போர்வைக்குள்ள கெடக்காரு. எனக்கு ஒண்ணுமே இல்ல. நல்ல மருந்த ஆம்பளைக்குப் போட்டுட்டு, கழுவுன தண்ணிய எனக்குப் போட்டியோ?"

ஊசி போடுகிற செல்வி சிஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா, ஒரே குப்பியில இருந்துதான் ரெண்டு பேருக்கும் எடுத்தேன்."

"அப்ப அவருக்கு மட்டும் ஏன்?"

உள்ளேயிருந்து வந்த டாக்டரம்மாதான் பதில் சொன்னார்கள். அவர்களுக்கு ஊர், உள்ளே தள்ளி இருக்கிற நாசரேத்துப் பக்கம். அதட்டிப் பேசத் தெரியாது. "உங்க வீட்டுக்காரருக்கு முன்னாடி கொரோனா வந்துதாம்மா?"

"வந்துது. எனக்குத்தான் வரல."

"அதாம்மா விஷயம். நோய் வந்துபோன உடம்பு அந்தக் கிருமிய அடையாளம் வச்சிருக்கும். ஊசியில அதோட சாயல் இருக்கு. அதப் பாத்ததும், பழைய ஆளு வந்துட்டான்னு உடம்பு சட்டுன்னு எந்திரிச்சு நிக்கும். அந்த வேகத்துல சிலருக்குக் காய்ச்சல், நடுக்கம் எல்லாம் வரும். உங்க உடம்புக்கு அது புது முகம். இப்பத்தான் பாத்துப் பழகுது. காய்ச்சல் வரலன்னா ஊசி வேலை செய்யலன்னு இல்ல."

"அப்ப அவரு உடம்புக்கு ஞாபகசக்தி கூடவோ? வீட்டுல ஒரு சாமான் வாங்கிட்டு வரச் சொன்னா மறந்துட்டு வாராரு!" என்று சொல்லிவிட்டு அந்த அக்கா போனார். வராந்தாவே சிரித்தது. நானும் சிரித்தேன். உடம்பு நினைவு வைத்துக்கொள்கிறது என்பது எனக்கு அன்று ஒரு வேடிக்கையான செய்தி மட்டும்தான். அது வேடிக்கை இல்லை என்று தெரிய வைத்தவரைப் பற்றித்தான் இனி எழுதப் போகிறேன்.

அவர் பெயர் மிக்கேல். தோணியில் தண்டல். உங்களில் வெளியூர்ப் பிள்ளைகள் இருப்பதால் சொல்கிறேன்: வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற மரக்கப்பல்தான் தோணி. அதை ஓட்டிப் போகிற தலைவர் தண்டல். உயரமான மனிதர். கடலில் தூரத்தைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கின கண். அவரை அவருடைய மகள் ரோஸ்லின்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

"டாக்டரம்மா, அப்பாவுக்கு முன்னமே கொரோனா வந்து போயிட்டு. வந்தவங்களுக்கு ஊசி வேண்டாம்னு சொல்லுதாவளே, மெய்யா?"

"வந்து எவ்வளவு நாளாச்சும்மா?"

"ரெண்டாவது அலையில. அம்மாவுக்கும் அப்பதான்..." அவள் முடிக்கவில்லை.

டாக்டரம்மா தண்டலுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். பிறகு, நோய் தந்த பலம் நாளாக ஆகக் குறையும், ஊசி அதைத் திரும்பத் தூக்கி நிறுத்தும், அதனால் போட்டுக்கொள்வதுதான் நல்லது, ஆனால் முதல் ஊசிக்குக் காய்ச்சல் நன்றாகவே வரலாம், பயப்பட வேண்டாம் என்று சொல்லி, மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். தண்டல் சட்டைக் கையை மடித்தார். போட்டுக்கொண்டார். வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சாப்பிட்டாச்சா அண்ணாச்சி?" என்றேன்.

"ம்" என்றார். தோணிகளைப் பார்க்கிற நாற்காலி அது. அவரோ நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ரோஸ்லின் ஓடி வந்தாள்.

"மாமா, அப்பாவுக்கு ஒடம்பு அனலாக் கொதிக்கு. நேத்துச் சாயங்காலம் இருந்து நடுக்கம். கட்டிலே ஆடுது."

"மாத்திரை குடுத்தியாம்மா?"

"வாங்கித் தலமாட்டுல வச்சுக்கிட்டாவ, முழுங்க மாட்டேங்காவ. நான் வாயில போட்டா துப்பிட்டாவ." அவள் குரல் இறங்கியது. "மாமா, அப்பா சிரிச்ச மொகமாப் படுத்திருக்காவ. அம்மா போன பொறவு நான் அந்தச் சிரிப்பப் பாக்கவே இல்ல. எனக்கு அதான் பயமா இருக்கு."

டாக்டரம்மா செல்வி சிஸ்டரை அவளோடு அனுப்பினார்கள். சிஸ்டர் போய்ப் பார்த்து, தண்ணீர் குடிக்க வைத்து, எப்படியோ ஒரு மாத்திரையையும் விழுங்க வைத்துவிட்டுத் திரும்பினார். "காய்ச்சல் இறங்கிடும் அண்ணாச்சி. ஆனா மனுசன் என்னைய ஒரு பார்வை பாத்தாரே. கையில இருந்த சாமானைத் தட்டிப் பறிச்சுட்டுப் போறவளப் பாக்க மாதிரி."

காய்ச்சல் இறங்கியது. சில நாள் கழித்துத் தண்டல் தனியாக வந்தார். சட்டை இஸ்திரி போட்டு, தலை சீவி, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வந்தார்.

"தம்பி, அடுத்த ஊசி எப்ப?"

"அதுக்கு இன்னும் நாள் கெடக்கு அண்ணாச்சி. மாசக்கணக்கா ஆகும். போனுக்குத் தகவல் வரும்."

"இப்பவே போட்டா என்ன?"

"போட மாட்டாங்க அண்ணாச்சி. ரெண்டுக்கும் இடையில நாள் விட்டாத்தான் பலன்."

"பலன் கெடக்கட்டும்வே. எனக்கு இப்ப வேணும்."

தோணிக்காரர் அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது தோணியில் போகிறவர்களிடம் இரண்டு ஊசியும் போட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய தோணியை வேறொரு தண்டல் எடுத்துப் போயிருந்தார். சீக்கிரம் கடலுக்குப் போக ஆசைப்படுகிறார், பாவம் என்றுதான் எனக்குத் தோன்றியது. எவ்வளவு தூரம் தப்பாக நினைத்திருக்கிறேன் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரெங்கும் முகாம் நடக்கும். மீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு முகாம். என்னையும் அங்கே நாற்காலி வேலைக்குப் போட்டிருந்தார்கள். கூட்டம் என்றால் கூட்டம். பூசை முடிந்து நேராக வந்தவர்கள் ஒரு பக்கம், வலை பின்னுகிற கையோடு வந்தவர்கள் ஒரு பக்கம். "ஏலே, வரிசையில நில்லு", "நீ முதல்ல மாஸ்க்கப் போடுலே" என்று ஒரே சத்தம். அந்த வரிசையில், எல்லோர் தலைக்கும் மேலே ஒரு தலை. முகத்தை மூடியிருந்தாலும் அந்தச் சுருங்கின கண்ணை எனக்குத் தெரியும். கையில் ஆதார் அட்டை. எட்டிப் பார்த்தேன். அட்டையில் இருந்த முகம், நான் துறைமுகத்தில் பார்த்திருக்கிற அவருடைய தம்பி முகம்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

சத்தம் போட்டுச் சொன்னால் போலீஸ் வந்து அவரை வெளியே தள்ளும். அதுகூடப் பரவாயில்லை. ஊசி போட்டவனுக்கே திரும்பப் போடுகிறார்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஒரு வாய் சொன்னால் போதும், வரிசை கலைந்துவிடும். எத்தனையோ நாள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சிக் கூட்டி வந்த ஜனம் அது. சொல்லாமல் விட்டால் ஊசி ஏறிவிடும். அவருக்கு முன்னால் நின்றவர்கள் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தார்கள். டாக்டரம்மாவைக் கேட்டு வர நேரம் இல்லை.

நான் போய் அவர் முழங்கையைப் பிடித்தேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணாச்சி, உங்களுக்குப் போட்டாச்சே, இங்கன ஏன் நிக்கிய? வாங்க, வந்து அரை மணி நேரம் உக்காருங்க" என்றேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. அவருக்குப் போட்டாகிவிட்டதுதான்.

பின்னால் நின்றவர் எனக்கு ஒத்தாசை செய்தார். "ஊசி போட்டதே தெரியாம நிக்காரு பாரு! கூட்டிட்டுப் போவே, வரிசை நகரட்டும்."

தண்டல் என் கையை உதறப் பார்த்தார். நான் விடவில்லை. வகுப்பறைக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்த இடத்தில் உட்கார வைத்தேன். ஊசி போட்டுக்கொள்ளாமலே அரை மணி நேரம் உட்கார்ந்தவர் என் காலத்தில் அவர் ஒருவர்தான்.

"சாப்பிட்டாச்சா அண்ணாச்சி?"

"நீரு யாருவே என்னைய மறிக்க?" அவருக்குக் கோபத்தில் உதடு துடித்தது. "என் ஒடம்பு. நான் எத்தன வேணும்னாலும் போடுவேன்."

"எதுக்கு அண்ணாச்சி? அவசரமாக் கடலுக்குப் போவணுமா?"

"கடலா?" என்றார். அந்த வார்த்தையை அவர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். தன்னை ஏமாற்றிவிட்டுப் போனவன் பெயரைச் சொல்கிற மாதிரி. "கடலுக்குப் போவ இல்லவே. எனக்குக் காச்சல் வேணும்."

எனக்குப் புரியவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கல்யாணம் முடிச்சதுல இருந்து நான் தோணியிலதான் கெடந்தேன். காத்துக் காலத்துல தோணி ஓடாதுன்னா, கரையில ஏத்திப் பழுது பாக்கணும். வீட்டுக்கு வாரது சோத்துக்கும் தூக்கத்துக்கும்தான். செலின் ஒரு நாளும் கொறை சொன்னதில்ல. மாதா கோயில் திருவிழாவுக்காவது இருங்கன்னு கேப்பா. அதுக்கும் பாதி வருசம் இருக்க மாட்டேன். இந்தக் கொரோனா வந்துதா, ரெண்டு பேருக்கும் ஒண்ணாக் காச்சல். வெளிய போவக் கூடாது, யாரும் உள்ள வரக் கூடாது. ஒரே அறை. ஒரே பாய். எனக்குக் கூதல் அடிச்சு நடுங்கும்போது அவ எந்திரிச்சுத் துணிய நனைச்சு நெத்தியில போடுவா. அவளுக்கே ஒடம்பு கொதிக்கும். நீ படுளான்னு சொல்லுவேன். ‘நீங்க என் கைக்குக் கெடச்சதே இப்பத்தான், பேசாமக் கெடங்க’ன்னுவா."

அவர் சிரித்தார். ரோஸ்லின் பயந்தது அந்தச் சிரிப்பைத்தான் போலிருக்கிறது.

"‘நீங்க கொறட்டை விடுவியளா, இத்தன வருசம் எனக்குத் தெரியாதே’ன்னா ஒரு நாள். அப்படியெல்லாம் பேசிட்டு இருந்தோம்வே. அவ சின்ன வயசுல மாடியில இருந்து விழுந்த கதை, எனக்கு அதுவரைக்கும் தெரியாது. நான் கடல்ல ஒரு தடவ வழி தவறிப் போன கதை, அவளுக்குத் தெரியாது. காச்சலோட காச்சலா சிரிச்சுக்கிட்டுக் கெடந்தோம். பொறவு அவளுக்கு மூச்சு இழுத்துது. வண்டி வந்துது. அவள ஒரு வார்டு, என்னைய ஒரு வார்டு. அவ்வளவுதான். பொறவு நான் அவளப் பாக்கல. மொகத்தக் காட்டல. வண்டியில ஏத்தும்போது அந்த ஈரத்துணி என் கையில இருந்துது."

உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னைக்கு உங்க ஊசி போட்டுட்டு வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் கூதல் அடிச்சுது. அதே கூதல். கண்ண மூடுனேன். நெத்தியில ஈரம். சத்தியமாச் சொல்லுதேன்வே. ஈரம். அவ துணி போட்டா. அந்தச் சிஸ்டர் வந்து மாத்திரையக் குடுத்துக் கலைச்சு விட்டுட்டு."

உடம்பு அனலாக இருக்கும்போது இப்படியெல்லாம் தோன்றும் அண்ணாச்சி என்று சொல்லலாம். படித்தவர்கள் அதற்கு ஒரு பெயர்கூட வைத்திருப்பார்கள். நான் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். "தண்ணியக் குடிங்க" என்றேன். குடித்தார். அரை மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. நான் அவரை எழுப்பவில்லை. கடைசியில் அவரே எழுந்து, தம்பியின் அட்டையை என் கையில் கொடுத்தார். "இத நீரே வச்சிரும். என் கையில இருந்தா வேற முகாமுக்குப் போயிருவேன்" என்றார். மறுநாள் அதை ரோஸ்லினிடம் சேர்த்தேன்.

டாக்டரம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் வெகுநேரம் பேனாவை மூடியும் திறந்தும் கொண்டிருந்தார்கள். பிறகு சொன்னதுதான் எனக்கு இடி.

"அண்ணாச்சி, இதுல இன்னொண்ணு இருக்கு. நோய் வந்தவங்களுக்கு முதல் ஊசியிலேயே உடம்பு முழுசா எந்திரிச்சிரும். ரெண்டாவது ஊசிக்குப் பல பேருக்கு அந்த அளவு காய்ச்சல் வராது. ஒண்ணுமே இல்லாமலும் போகலாம். உடம்பு மறந்துட்டதுன்னு அர்த்தம் இல்ல. நல்லாத் தயாரா இருக்கு, அதனால பதறல. பாதுகாப்புக்கு அது நல்லதுதான்."

நல்லதுதான். ஆனால் அந்த மனிதர் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டு, அந்தக் காய்ச்சலுக்காக உட்கார்ந்திருக்கிறாரே.

செல்வி சிஸ்டர் உடனே சொன்னார். "அவர்ட்டச் சொல்லாதிய. சொன்னா ரெண்டாவது ஊசிக்கே வர மாட்டாரு. வரட்டும், போட்டுக்கிடட்டும். பொறவு வரலன்னா நாம என்ன செய்ய?"

அதில் நியாயம் இருந்தது. இரண்டு ஊசியும் இல்லாமல் அவர் தோணி ஏற முடியாது. தோணி ஏறாவிட்டால் அந்த அறை நினைப்பை விட்டு வெளியே வர மாட்டார். அட்டையைக் கொடுக்கப் போனபோது ரோஸ்லின் அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்கள். "உங்ககிட்டத்தான் அவர் பேசியிருக்கார். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

பிள்ளைகளே, ஊசியைப் பற்றி மட்டும் ஆளை ஏமாற்றக் கூடாது என்று எனக்குப் பட்டது. நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் நம்மிடம் மனதைத் திறந்து சொல்லிவிட்டால், நாமும் நமக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் வராமல் போனால் போகட்டும் என்றும் என்னால் இருக்க முடியவில்லை. பயந்துகொண்டேதான் போனேன்.

பழைய துறைமுகத்து ஓரம், சரக்கு ஏற்றுகிற சத்தத்துக்கு நடுவில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கேட்டுக்கொண்டே இருந்தவர், "வரும்வே" என்றார்.

"வராமலும் போகலாம் அண்ணாச்சி."

"நீரு தோணியில போனதில்ல. மாலத்தீவுல இருந்து திரும்பும்போது கரை தெரியாது. தெரியாதுன்னு யாராவது வேற பக்கம் திருப்புவானா? வரும்." நான் எழுந்தபோது, "நீரு வந்து சொன்னீரே, அது நல்லது" என்றார்.

நாள் வந்தது. தண்டல் முதல் ஆளாக வந்து நின்றார். செல்வி சிஸ்டர் என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போட்டார். கடைசி நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்தார். போகும்போது ரோஸ்லின் என்னிடம் தனியாகச் சொன்னாள். "மாமா, அந்த அறையக் கழுவி, பாய விரிச்சு, கிண்ணத்துல தண்ணியும் துணியும் எடுத்து வச்சிருக்காவ. என்னைய மாமியார் வீட்டுக்குப் போயிருன்னு சொல்லுதாவ. என்ன செய்ய?"

"பக்கத்து வீட்டுல இரும்மா. ஒரு சத்தம் கேட்டா ஓடிப் போ" என்றேன். எனக்கு அன்று வேலை ஓடவில்லை. காய்ச்சல் வர வேண்டும் என்று வேண்டுவதா, வரக் கூடாது என்று வேண்டுவதா? ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவன் ஒரு மனிதருக்குக் காய்ச்சல் வரட்டும் என்று வேண்டிக்கொண்டது அன்று ஒரு நாள்தான்.

மறுநாள் காலையில் நான் வராந்தாவைக் கூட்டி, நாற்காலிகளைத் துடைத்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். தண்டல் வந்தார். அதே இஸ்திரிச் சட்டை, கசங்கியிருந்தது. நேராகப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சாப்பிட்டாச்சா அண்ணாச்சி?"

"வரலவே" என்றார்.

நான் துடைக்கிற துணியைக் கீழே வைத்தேன்.

"கை மட்டும் கொஞ்சம் வலிக்கு. வேற ஒண்ணும் இல்ல. ராத்திரி முழுசும் முழிச்சுக்கிட்டுக் கெடந்தேன். கிண்ணத்துத் தண்ணி அப்படியே இருக்கு." அவர் முகத்தில் கோபம் இல்லை. தொலைத்ததைத் தேடித் தேடி, இனித் தேட இடமில்லை என்று உட்கார்ந்த ஆளின் முகம். "நீங்க ஊசியச் சரியாத்தான் போட்டியளா? தண்ணி ஊசி இல்லியே?"

"இல்ல அண்ணாச்சி. உங்க ஒடம்பு மறக்கல. நல்லாத் தெரிஞ்ச ஆளு வந்தா பதற மாட்டோம்ல, அப்படித்தான்னு டாக்டரம்மா சொல்லுதாவ."

"ஒடம்பு மறக்கலன்னா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு குழந்தை மாதிரி முகத்தை என் பக்கம் தூக்கினார். "நீரு ஒரு தடவ தொட்டுப் பாரும்வே. எனக்குத் தெரியாம லேசா இருக்கும்."

வெப்பமானி மேசையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. அப்போதுதான் நாற்காலிகளை ஈரத்துணியால் துடைத்திருந்தேன், கை குளிர்ந்திருந்தது. வேட்டியில் துடைத்துவிட்டு அவர் நெற்றியில் வைத்தேன். சூடு கொஞ்சமும் இல்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடின இமைக்கு அடியிலிருந்து தண்ணீர் ஓடி என் சுண்டு விரலை நனைத்தது. நான் கையை எடுக்கவில்லை.

சிஸ்டர் மருந்துப் பெட்டியோடு உள்ளே வந்தார். பார்த்தார். சத்தமில்லாமல் வேறு வழியாகப் போனார்.

வெகுநேரம் கழித்து அவரே, "இல்லையோ?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. காய்ச்சல் இல்ல."

"சரி" என்றார். நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து, முதல் தடவையாகத் தோணிகளைப் பார்த்தார். "அந்தா, மூணாவதா நிக்குல்ல, அது என் தோணி. பாயக் கட்டியிருக்கான் பாரும், கோணலா. செலினுக்குக்கூடத் தெரியும், இப்படிக் கட்டக் கூடாதுன்னு. நான் வீட்டுல இருந்தப்ப அவளுக்குக் கட்டிக் காட்டிருக்கேன். சேலைய வச்சு."

அதற்குப் பிறகு செலின் அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். காய்ச்சல் இல்லாமலே பேசினார். அன்று வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் அந்த அக்காவைத் தெரிந்துவிட்டது.

சில வாரத்தில் அவர் தோணி ஏறினார். ரோஸ்லின் வந்து சொன்னாள். திரும்பி வந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை என்றேன். எழுந்து வீட்டுக்குப் போனார். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் இது நடந்தது. நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் நடந்தது.

இப்போது நான் வீட்டில் இருக்கிறேன். காற்றுக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் அந்த வராந்தாவின் உப்பு வாடை வருகிறது, அந்த நேரங்களில் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் இதை எழுதினேன். வராந்தாவில் இப்போது குழந்தைகளுக்குத்தான் ஊசி, நாற்காலிகளையும் மாற்றிவிட்டார்கள் என்று மகள் சொன்னாள். மாற்றட்டும். கடைசி நாற்காலியை மட்டும் கடல் பார்த்துப் போடுங்கள்.

மாலத்தீவிலிருந்து தோணி வந்ததும் உயரமான ஒருவர் வருவார். சீட்டு எடுக்க மாட்டார், டாக்டரைக் கேட்க மாட்டார், நேராகப் போய் அங்கே உட்காருவார். என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாச்சா என்று கேளுங்கள். கையை நனைத்துக்கொண்டு போய் நெற்றியில் வையுங்கள். காய்ச்சல் இல்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகச் சொல்லுங்கள்.